குதிரை ஒரு நாளில் போகும் தூரம்

போரில் வென்ற ராணுவம் தோற்றவர்களின் ஊருக்குள் வந்து உட்கார்ந்தால் அங்கே யாருக்காவது சுதந்திரம் கிடைக்குமா? நம்மில் பலருக்கு யோசிக்காமலே பதில் வந்துவிடும். போர் முடிந்த பிறகும் முள்வேலிக்குள் கிடந்த யாழ்ப்பாணத்து வீடுகளையும் வன்னி வயல்களையும் அறிந்தவர்கள் வேறு பதில் சொல்வதற்கும் இல்லை. எனக்கும் அதே பதில்தான் இருந்தது, இன்றும் பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளை, 1865 முதல் 1877 வரையிலான காலத்தை, படிக்கப் படிக்க அந்தப் பதில் ஓரிடத்தில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கிறது. தோற்ற தென்மாநிலங்களில் வட அரசின் படை முகாமிட்டது. தோட்ட முதலாளிகளும் அவர்களுடைய பத்திரிகைகளும் அதை ஆக்கிரமிப்பு என்றார்கள். அது ஆக்கிரமிப்புதான், அதில் சந்தேகமில்லை. அதே ஊர்களில் அதுவரை அடிமைகளாக இருந்த சுமார் 35 லட்சம் பேர் அந்தப் படை போய்விடக் கூடாது என்று தவித்தார்கள். படை விலக்கப்பட்ட ஊர்களில் முதலில் அடிபட்டவர்களும் அவர்கள்தான்.

இந்த வரலாற்றைப் பொதுவாகச் சட்டத்திருத்தங்களின் வரிசையாகச் சொல்வார்கள். பதின்மூன்றாவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது, பதினான்காவது குடியுரிமை தந்தது, பதினைந்தாவது வாக்குரிமையைக் காத்தது என்று. அவை பெரிய விஷயங்கள்தான். ஆனால் மிசிசிப்பியில் ஒரு பருத்திக் காட்டில் நிற்கும் பெண்ணை அடிக்கச் சாட்டையை எடுத்தவன் கையை அந்தத் திருத்தங்களில் எது போய்ப் பிடித்தது என்று கேட்டால், கதையை வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பக்கத்து முகாம் எத்தனை மைலில் இருக்கிறது, அங்கே இருப்பது குதிரைப்படையா காலாட்படையா, அந்தப் பெண் அதுவரை நடந்துபோக முடியுமா, போனால் கேட்க யாராவது இருக்கிறார்களா என்ற இடத்திலிருந்து.

டெக்சாஸை எடுத்துக்கொள்ளுங்கள். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. டெக்சாஸில் இருந்த சுமார் இரண்டரை லட்சம் அடிமைகள் அதற்குப் பிறகு இரண்டு பருத்தி அறுவடைகளை அடிமைகளாகவே முடித்தார்கள். தெற்கின் தளபதி லீ சரணடைந்தது 1865 ஏப்ரல் 9. ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டன் துறைமுகத்தில் படையோடு இறங்கி, மூன்றாம் எண் பொது ஆணையை வெளியிட்டது ஜூன் 19. இன்று கொண்டாடப்படும் அந்த நாளின் ஆணையை முழுதாகப் படித்தால் இரண்டு குரல்கள் கேட்கும். அடிமைகள் அனைவரும் சுதந்திரமானவர்கள், பழைய எஜமானர்களுக்கும் அவர்களுக்கும் உரிமைகளிலும் சொத்துரிமையிலும் முழுச் சமத்துவம் என்பது ஒன்று. இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், ராணுவ முகாம்களில் வந்து கூடாதீர்கள், சும்மா இருப்பவர்களுக்குச் சோறு போட மாட்டோம் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது குரலையும் மறக்காமல்தான் மேலே போக வேண்டும்.

முகாமிலிருந்து எத்தனை மைல்

1865 மே மாதம் வடக்கின் படையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். நவம்பருக்குள் அவர்களில் எட்டு லட்சம் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1866 தொடக்கத்தில் தெற்கு முழுவதற்கும் மிஞ்சியது 90,000க்கும் குறைவு. 1867 இலையுதிர்காலத்தில் சுமார் 20,000. பதினொரு மாநிலங்கள், தமிழ்நாட்டைப்போல் ஏறக்குறைய பதினைந்து மடங்கு நிலப்பரப்பு, அதற்கு இவ்வளவுதான். காரணம் கல்நெஞ்சம் மட்டும் இல்லை. போர்க்கடன் 250 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. தன்னார்வப் படையினர் போருக்கென்று சேர்ந்தவர்கள், போர் முடிந்ததும் வீடு போகத் துடித்தார்கள். வாக்காளர்களும் படைச்செலவைத் தாங்கத் தயாராக இல்லை.

படை எப்படிக் குறைந்தது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கறுப்பினப் படைப்பிரிவுகள் பெரும்பாலும் போரின் பிற்பாதியில் சேர்ந்தவை. அதனால் வெள்ளைப் படைப்பிரிவுகள் கலைக்கப்பட்ட பிறகும் அவர்களுக்குப் பணிக்காலம் மீதமிருந்தது. 1865 கோடையில் தெற்கில் நின்ற படையில் கணிசமான பங்கு அவர்களாக இருந்தார்கள். கிராமத்து மக்களுக்கு நீங்கள் சுதந்திரமானவர்கள் என்பதைச் சீருடையும் துப்பாக்கியுமாக வந்து சொன்னவர்கள் அவர்கள். கூலி எவ்வளவு கேட்கலாம், எதில் கைநாட்டு வைக்கக் கூடாது என்று சொல்லித்தந்தவர்களும் அவர்களே. முதலாளிகளின் புகார்கள் வாஷிங்டனில் குவிந்தன. அவர்கள் கேட்டது கறுப்பினச் சிப்பாய்களை அகற்ற வேண்டும் என்பது. அந்த ஆண்டு டிசம்பரில், வடக்கின் தலைமைத் தளபதியும் பின்னாளில் அதிபருமான ஜெனரல் கிராண்டே, நேற்றைய அடிமைகள் சிப்பாய்களாக நிற்பது கூலியாட்களின் மனநிலையைக் கெடுக்கிறது என்று அறிக்கை தந்தார். ஒரு பகுதியினரை அதற்கு முன்பே மெக்சிக்கோ எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். 1867க்குள் கிட்டத்தட்ட எல்லாரையும் கலைத்துவிட்டார்கள். மக்கள் மிகவும் நம்பிய சிப்பாய்கள் இப்படித்தான் போனார்கள்.

எஞ்சியவர்களில் பெரும்பாலோர் காலாட்படை. காலாட்படை ஒரு நாளில் பதினைந்து இருபது மைல் நடக்கும். அதனால் முகாம்கள் ரயில் நிலையங்களிலும் ஆற்றுத் துறைகளிலும் அமைந்தன. ரயில் பாதையிலிருந்து ஒரு நாள் தள்ளியிருக்கும் தோட்டத்துக்கு ராணுவம் என்பது ஒரு செய்தி மட்டுமே. எதிரில் இருந்தவர்களிடம் குதிரைகள் இருந்தன. இருட்டிய பிறகு கிளம்பி, இருபது மைல் போய், ஒருவனை அடித்துப்போட்டு, விடியுமுன் வீடு திரும்பிவிட முடியும். காலையில் ஒருவன் ஓடிப்போய் முகாமில் சொல்லி, அதிகாரி மேலிடத்துக்குத் தந்தி அடித்து, அனுமதி வந்து, சிப்பாய்கள் நடந்து வருவதற்குள் மூன்று நாள் ஆகிவிடும். வந்து பார்த்தால் ஊரே எதுவும் தெரியாது என்று கைவிரிக்கும்.

ஒரு புகார் போகும் வழி

மக்களுக்கு நேரடியாகத் தெரிந்த அரசு, விடுதலையான அடிமைகளுக்காக 1865 மார்ச்சில் போர்த்துறைக்குக் கீழே தொடங்கப்பட்ட ஃப்ரீட்மென்ஸ் பீரோ என்ற அலுவலகம். தலைவர் ஜெனரல் ஆலிவர் ஓடிஸ் ஹோவர்ட். அதன் முகவர்கள் உச்சகட்டத்தில்கூடத் தெற்கு முழுவதற்கும் சேர்த்து 900 பேர்தான். 1866இல் மிசிசிப்பிக்கு 12 பேர். 1860 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் அடிமைகள் 4,36,000 பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு முகவருக்கு 36,000 பேர். அவருடைய வேலைகள் கூலி ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பது, வழக்குகளைக் கேட்பது, பள்ளிக்கு இடம் பார்ப்பது, பட்டினிக்கு ரேஷன் கொடுப்பது, பிரிக்கப்பட்ட குழந்தைகளைத் தாயிடம் மீட்டுத் தருவது. கூடவே இத்தனைக்கும் மாதாமாதம் அறிக்கை எழுதுவது.

ஒப்பந்தம் என்பது ஓராண்டுக்கு. தொகையாகப் பேசினால் ஆண்களுக்கு மாதம் பத்துப் பதினைந்து டாலர் வரை, பெண்களுக்கு அதைவிடக் குறைவு. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்குப் பேசினால், நான்கில் ஒன்றோ மூன்றில் ஒன்றோ. தொழிலாளி பெருக்கல் குறி போடுவார், முகவர் சாட்சியாகக் கையெழுத்திடுவார். பணம் பெரும்பாலும் ஆண்டுக் கடைசியில், பருத்தி விற்ற பிறகு. பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கும். ஜூலை கடைசியில் பருத்திக்குக் களையெடுப்பு முடிந்துவிடும், பறிப்பு தொடங்கும்வரை கை வேலை குறைவு. அந்த இடைவெளியில் முதலாளி ஒரு சண்டையைக் கிளப்புவார். மரியாதை இல்லை, சொன்ன பேச்சு கேட்கவில்லை, வேலையை விட்டுப் போனான் என்று சொல்லித் துரத்திவிடுவார். ஏழு மாத உழைப்புக்குக் கூலி கிடையாது. போகாமல் நின்றவனுக்கு ஆண்டுக் கடைசியில் கணக்கு நீட்டப்படும். சோளமாவு, பன்றிக்கொழுப்பு, செருப்பு, நோயில் கிடந்த நாட்கள் எல்லாம் கழித்து, கடைசியில் இவனே முதலாளிக்குத் தர வேண்டியதாக இருக்கும்.

முகவர்கள் கண்டுபிடித்த நல்ல கருவி ஒன்று உண்டு. கூலியைத் தீர்க்கும்வரை பருத்தி மூட்டை ஊரைவிட்டு நகரக் கூடாது, விளைச்சல்மீது முதல் உரிமை உழைத்தவனுக்கு என்று ஆணையிடுவது. மிக எளிய நடவடிக்கை, ஆனால் வலிக்கும் இடத்தில் வலித்தது. நடைமுறைப்படுத்த ரயில் நிலையத்தில் இரண்டு சிப்பாய்கள் நின்றால் போதும். அந்த இரண்டு சிப்பாய்கள் இல்லாத ஊரில் முகவரின் ஆணை வெறும் கடிதம். பல முகவர்களுக்குக் குதிரைகூடக் கிடையாது. தங்க இடமும் பேச்சுத்துணையும் அந்த ஊர் முதலாளியின் வீட்டில்தான் கிடைக்கும் என்றால், யார் பக்கம் சாய்வார்கள் என்பதை ஊகிக்கலாம். நேர்மையாக நின்றவர்கள் சிலர் சுடப்பட்டார்கள்.

முகவரும் சிப்பாயும் இல்லையென்றால் மிச்சமிருப்பது மாநில நீதிமன்றம். அதன் சட்டங்கள் எப்படி இருந்தன என்பதற்கு 1865 நவம்பரில் மிசிசிப்பி இயற்றிய கறுப்பர் சட்டத்தொகுப்பு போதும். ஒவ்வொரு ஜனவரியிலும் இரண்டாவது திங்கட்கிழமைக்குள் வேலை இருப்பதற்கான எழுத்துச் சான்று காட்ட வேண்டும். காட்டாதவன் நாடோடி. நாடோடிக்கு அபராதம், கட்ட முடியாவிட்டால் அபராதத்தைக் கட்டுபவனிடம் வேலைக்குப் போக வேண்டும். நகரத்துக்கு வெளியே நிலம் குத்தகைக்கு எடுக்க முடியாது. தென் கரோலினாவில் பண்ணை வேலை, வீட்டு வேலை தவிர வேறு தொழில் செய்யக் கறுப்பர் ஆண்டுக்குப் பத்து முதல் நூறு டாலர் வரை உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். இதை நிறுத்தியது வாஷிங்டன் சட்டமன்றம் இல்லை. 1866 ஜனவரியில் தென் கரோலினாவின் ராணுவத் தளபதி டேனியல் சிக்கிள்ஸ் ஓர் ஆணையில் அந்தச் சட்டத்தொகுப்பு செல்லாது என்றார். வர்ஜீனியாவில் ஆல்ஃபிரட் டெரி அங்குள்ள நாடோடிச் சட்டத்தை அதேபோல் முடக்கினார். தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்தின் சட்டத்தை ஒரு ஜெனரல் ரத்து செய்கிறார். வேறெங்காவது இது நடந்தால் கொடுமை என்போம். அந்தச் சட்டமன்றத்தில் மாநிலத்தின் பெரும்பான்மை மக்களுக்கு வாக்கே கிடையாது என்பது தெரிந்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

நிலம் கொடுத்திருந்தால்

படை எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, போர் முடியும் முன்பே ஒருவர் பதில் சொல்லியிருந்தார். 1865 ஜனவரி 12 அன்று சவானா நகரில் ஜெனரல் ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டாண்டனும் இருபது கறுப்பினப் போதகர்களையும் சபைத் தலைவர்களையும் சந்தித்தார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் கேரிசன் ஃப்ரேசியர், 67 வயது. தன்னையும் மனைவியையும் ஆயிரம் டாலர் பொன்னும் வெள்ளியும் கொடுத்து விலைக்கு வாங்கி விடுவித்துக்கொண்டவர். உங்களை நீங்களே காத்துக்கொள்ள என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் நிலம் என்றார். எங்கள் உழைப்பால் அதை உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார். நான்கு நாள் கழித்து ஷெர்மன் வெளியிட்ட 15ஆம் எண் களஆணை, சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகளையும் கடலிலிருந்து முப்பது மைல் உள்வரையான கைவிடப்பட்ட நெல்வயல்களையும் அவர்களுக்கு ஒதுக்கியது. குடும்பத்துக்கு நாற்பது ஏக்கருக்கு மிகாமல். ஜூன் மாதத்துக்குள் சுமார் 40,000 பேர் நான்கு லட்சம் ஏக்கரில் குடியேறிவிட்டார்கள்.

லிங்கனுக்குப் பின் வந்த அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் பழைய உடைமையாளர்களுக்கு மன்னிப்பு வழங்கி நிலத்தைத் திருப்பித்தரச் சொன்னார். அக்டோபரில் அந்தச் செய்தியைச் சொல்ல, அந்தத் தீவுகளில் ஒன்றான எடிஸ்டோவுக்கு ஹோவர்டே போனார். ஆட்கள் நிரம்பிய தேவாலயம். அவர் சொல்லத் தொடங்கியதும் கூச்சல் எழுந்தது, பேச்சு தடைபட்டது. நடுவே ஒரு பெண் துக்கப் பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்க எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பழைய எஜமானர்களை மன்னித்துவிடுங்கள் என்று ஹோவர்ட் கேட்டார். ஊரார் தேர்ந்தெடுத்த மூவர் குழு அவருக்கு எழுதிய மனு இன்றும் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. ஹோவர்ட் போரில் வலது கையை இழந்தவர். நீங்கள் இழந்தது ஒரு கை, நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி முப்பத்தொன்பது சாட்டையடி கொடுத்தவனை, என் தாயையும் சகோதரியையும் அடித்தவனை, அவன் சொல்லும் கூலிக்கு அவன் நிலத்தில் உழைத்தால் ஒழிய ஒரு குடிசையில்கூட இருக்க விடாதவனை நான் எப்படி மன்னிப்பேன் என்று அதில் எழுதியிருந்தார்கள். அரசு எங்களை எந்த நிலையில் விட்டுப் போகிறது என்று பாருங்கள் என்றும் கேட்டிருந்தார்கள்.

நிலத்திலிருந்து அவர்களை இறக்கியதும் அதே சீருடைதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் தீவைவிட்டுப் போ என்றது படை. இந்த ஒரு முடிவு பிற்பாடு நடந்த அத்தனையையும் தீர்மானித்தது என்பது என் எண்ணம். நாற்பது ஏக்கரும் விதைநெல்லும் உள்ள குடும்பத்தைப் பணியவைக்க அடியாட்கள் தேவை. நிலமில்லாத குடும்பத்துக்கோ, இந்த வருஷம் உனக்கு வாரமில்லை என்ற ஒரு சொல் போதும். நிலம் கொடுத்திருந்தால் குறைந்த படை போதியிருக்கும். நிலத்தைப் பறித்துவிட்டுப் படையையும் குறைத்தார்கள்.

யார்க் மாவட்டம், 1871

சட்டப் பின்னணி இரண்டு வரியில். போர்க்கால அதிகாரம் இருந்தவரைதான் தளபதிகளால் இப்படி ஆணையிட முடிந்தது. ஜான்சன் 1866 ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் போர் முடிந்தது என்று பிரகடனம் செய்து அந்த அதிகாரத்தை அரித்தார். 1867 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பத்து மாநிலங்களை ஐந்து ராணுவ மண்டலங்களாகப் பிரித்து அதை மீட்டது. அந்த மண்டலங்களில் படை நடத்திய வாக்காளர் பதிவில் சுமார் 7,35,000 கறுப்பின ஆண்களும் 6,35,000 வெள்ளையரும் பதிவானார்கள். புதிய அரசுகள் வந்தன, மாநிலங்கள் மீண்டும் ஒன்றியத்தில் சேர்க்கப்பட்டன, ராணுவ மண்டலங்கள் கலைக்கப்பட்டன. அதன் பிறகு ராணுவம் என்பது மாநில அதிகாரிகள் கேட்டால் துணைக்கு வரும் ஆள் மட்டும். வெள்ளையரின் ரகசிய வன்முறை அமைப்பான கு க்ளக்ஸ் க்ளான் அந்த இடைவெளியில் நன்றாக வளர்ந்தது.

தென் கரோலினாவின் யார்க் மாவட்டத்தில் 1870-71 குளிர்காலத்தில் கறுப்பின ஆண்களில் பெரும்பாலோர் இரவில் வீட்டில் தூங்கவில்லை, காட்டில் தூங்கினார்கள். மாநில அரசு அமைத்த கறுப்பினக் காவற்படையின் துப்பாக்கிகளைத் திருப்பித் தருமாறு க்ளான் மிரட்டியது. ஜிம் வில்லியம்ஸ் என்ற காவற்படைத் தலைவர் தர மறுத்தார். மார்ச் 6 இரவு முகமூடிக் கும்பல் அவர் வீட்டுக்கு வந்தது. பலகைத் தரைக்கு அடியில் ஒளிந்திருந்தவரைப் பலகையைப் பெயர்த்து வெளியே இழுத்துப் பைன் மரத்தில் தொங்கவிட்டார்கள். அவர் மனைவி ரோஸி பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்.

அந்த மாதக் கடைசியில் கான்சாஸிலிருந்து ஏழாவது குதிரைப்படையின் மேஜர் லூயிஸ் மெரில் யார்க்வில்லுக்கு வந்தார். இந்தக் கதைகளில் பாதிக்கு மேல் மிகை என்று நினைத்துக்கொண்டு வந்தவர். சில வாரங்களில் அந்த எண்ணம் போய்விட்டது. நான் மிகவும் நேரம் செலவிட்டது அடுத்த ஏழு மாதங்களில்தான், ஏனென்றால் படை இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு அங்கே ஒரு தெளிவான விடை இருக்கிறது. மெரிலிடம் இப்போது குதிரைகள் இருந்தன, சிப்பாய்கள் இருந்தார்கள், கொலைகள் யார் செய்தது என்பதும் மெல்லத் தெரிந்துவிட்டது. கைது செய்ய அதிகாரம் இல்லை. உள்ளூர் ஷெரீஃப் கேட்டால்தான் போக முடியும், ஷெரீஃப் கேட்கமாட்டார். உள்ளூர் ஜூரியிடம் பெயர் பெயராகச் சான்று கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அவர் செய்யக்கூடிய ஒன்றைச் செய்தார். குறிப்பெடுத்தார். காயத்தோடு வந்தவர்களிடம் இரவில் வாக்குமூலம் வாங்கினார். க்ளானுக்கு உள்ளே இருந்தவர்களிடமே பணம் கொடுத்துத் தகவல் சேகரித்தார். ஊர், நாள், முகமூடிக்குள் இருந்த ஆளின் பெயர் என்று எழுதி வைத்தார். ஒரு மாவட்டத்தில் பதினொரு கொலைகள், 600க்கு மேற்பட்ட சாட்டையடிகளும் தாக்குதல்களும் அவர் கணக்கில் சேர்ந்தன.

ஏப்ரல் 20 அன்று காங்கிரஸ் க்ளானுக்கு எதிரான சட்டத்தை நிறைவேற்றியது. குடிமக்களின் உரிமைகளைப் பறிக்கச் சதி செய்வதே மத்தியக் குற்றம் என்றது. கலவர மாவட்டங்களில் ஆட்கொணர்வு மனு உரிமையை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அதிபருக்குத் தந்தது. அட்டர்னி ஜெனரல் அமோஸ் ஏக்கர்மன் நேரில் வந்து மெரிலின் குறிப்புகளைப் படித்தார். அக்டோபர் 17 அன்று அதிபர் கிராண்ட் ஒன்பது மாவட்டங்களில் அந்த உரிமையை நிறுத்திவைத்தார்.

ஆட்கொணர்வு மனு உரிமை பறிக்கப்படுவது என்றால் நமக்கு நெருக்கடிநிலைதான் ஞாபகம் வரும், வரவும் வேண்டும். ஆனால் யார்க்கில் அது எதைச் செய்தது என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் ஒருவனைக் கைது செய்தால் அன்றே உள்ளூர் நீதிபதி அவனை ஜாமீனில் விடுவார். இரவு சாட்சியின் வீடு எரியும். அதனால் யாரும் சாட்சி சொல்வதில்லை. இப்போது பிடிபட்டவன் மத்திய நீதிமன்றம் கூடும்வரை உள்ளேதான் இருப்பான். ஓரிருவர் பேச ஆரம்பித்தார்கள். தன்னை யார் காட்டிக்கொடுத்தது என்று தெரியாத பயத்தில் மற்றவர்கள் முந்திக்கொள்ள வந்தார்கள். மெரில் ஆட்களைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் தாமாக வந்து சரணடைந்தார்கள். யார்க்வில் சிறை நிரம்பி வழிந்தது. தலைவர்கள் பலர் ஓடிப்போனார்கள். வில்லியம்ஸைக் கொன்ற கும்பலை நடத்தியதாகச் சொல்லப்பட்ட டாக்டர் ரூஃபஸ் பிராட்டன் கனடாவுக்கு ஓடினார். நவம்பர் இறுதியில் மாநிலத் தலைநகரான கொலம்பியாவில் பெரும்பான்மையும் கறுப்பின ஜூரிகள் முன் வழக்குகள் தொடங்கின. காட்டில் தூங்கியவர்கள் வீட்டில் தூங்கத் தொடங்கினார்கள். மெரில் வந்த மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை இல்லாதது, அக்டோபருக்குப் பிறகு இருந்தது, அதிகாரம்தான். அந்த அதிகாரம் அவராக எடுத்துக்கொண்டதும் இல்லை: மக்கள் தேர்ந்தெடுத்த காங்கிரஸ் தந்தது, கால வரம்போடு தந்தது, விசாரணை நீதிமன்றத்தில் நடந்தது. யாருடைய புகாரைக் கேட்கிறது, யாருக்குப் பதில் சொல்கிறது என்ற இரண்டையும் கேட்டுப் பார்த்தால் ஓர் ஆக்கிரமிப்புப் படைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

அதே யார்க்கில் எலியாஸ் ஹில் என்ற போதகர் இருந்தார். சிறுவயதிலிருந்து கைகால் முடங்கியவர். 1871 மே மாதம் அவரை முற்றத்தில் இழுத்துப்போட்டு அடித்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஊராரை அழைத்துக்கொண்டு அந்த இலையுதிர்காலத்தில் அவர் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குக் கப்பல் ஏறினார். மெரில் வென்றுகொண்டிருந்தபோதே இவர்கள் கிளம்பிவிட்டார்கள். குதிரைப்படை எத்தனை நாள் இருக்கும் என்று அவர்கள் சரியாகவே கணித்திருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏக்கர்மன் டிசம்பரில் பதவி விலகச் சொல்லப்பட்டார். நூற்றுக்கணக்கான வழக்குகள் தேங்கின. நீதிமன்றம் கூடும் நாட்களும் அரசு வழக்கறிஞர்களும் பணமும் போதவில்லை. 1873இல் மன்னிப்புகள் தொடங்கின. அந்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு, ஏப்ரல் 13, லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவர் பலர் சரணடைந்த பிறகும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். படை வந்தது எல்லாம் முடிந்த பின். அந்த வழக்கில் 1876இல் உச்ச நீதிமன்றம், பதினான்காவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனியாட்களை அல்ல என்று சொல்லி, தண்டனை பெற்ற சிலரையும் விடுவித்தது. 1875இல் மிசிசிப்பி ஆளுநர் ஆடெல்பர்ட் ஏம்ஸ் படை கேட்டபோது, தெற்கில் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் எழும் இந்தக் கலவரங்களால் பொதுமக்கள் சலித்துவிட்டார்கள் என்று அட்டர்னி ஜெனரல் பியர்பாண்டிடமிருந்து பதில் வந்தது. கறுப்பின வாக்காளர்கள் பெரும்பான்மையாக இருந்த யாஸூ மாவட்டத்தில் அந்தத் தேர்தலில் அவர்கள் ஆதரித்த குடியரசுக் கட்சிக்கு விழுந்தது ஏழு வாக்குகள்.

1877இல் படை தெற்கைவிட்டு வெளியேறியது என்று பாடநூல்கள் எழுதும். நடந்தது அதைவிடச் சிறியது. ஏப்ரலில் அதிபர் ஹேயஸ் தென் கரோலினா, லூசியானா அரசு மாளிகைகளைக் காத்துநின்ற சிப்பாய்களைச் சற்றுத் தொலைவிலுள்ள அவர்களின் முகாமுக்குத் திரும்பச் சொன்னார், அவ்வளவே. சிப்பாய்கள் ஊரில்தான் இருந்தார்கள், இனி தலையிடமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் காங்கிரஸ், சட்டத்தை அமல்படுத்தும் வேலைக்கு ராணுவத்தைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. படை சும்மா இருக்கவில்லை. 1877 கோடையில் வடக்கில் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அடக்கப் போனது. நெஸ் பெர்ஸ் பழங்குடியினரை அவர்கள் மண்ணிலிருந்து விரட்டிப் பல நூறு மைல் துரத்திய படைக்குத் தளபதி, எடிஸ்டோ தேவாலயத்தில் நின்ற அதே ஹோவர்ட். இதை ஒதுக்கிவிட்டு, நல்ல ராணுவம் ஒன்று இருந்தது என்று எழுத என்னால் முடியாது. பாதுகாப்பு கேட்டவர்கள் இந்த ராணுவத்தை நல்லது என்று நம்பிக் கேட்கவில்லை. அருகில் வேறு எதுவும் இல்லாததால் கேட்டார்கள்.

அவர்களில் ஒருவர் லூசியானாவின் ஹென்றி ஆடம்ஸ். அடிமையாகப் பிறந்தவர், 1866இல் ராணுவத்தில் சேர்ந்து 1869இல் வெளியே வந்தார். தன்னைப்போன்ற முன்னாள் சிப்பாய்களோடு ஒரு குழு அமைத்து, ஊர் ஊராக ஆளனுப்பி, யார் எங்கே அடிக்கப்பட்டார், எங்கே கூலி மறுக்கப்பட்டது என்று பட்டியல் எடுத்தார். 1880இல் செனட் குழுவிடம் அவர் சாட்சி சொன்னபோது, தங்கள் கோரிக்கைகளை வரிசையாக வைத்தார். முதலில் அதிபரையும் காங்கிரஸையும் கேட்டோம், எங்களைக் காப்பாற்றுங்கள் என்று. அது முடியாதென்றால் எங்களுக்கென்று தனியாக ஒரு பகுதியை ஒதுக்குங்கள் என்றோம். அதுவும் முடியாதென்றால் லைபீரியா போக உதவுங்கள் என்றோம். 1877இல், தெற்கு மாநிலங்கள் அனைத்தும் எங்களை அடிமைகளாக வைத்திருந்த அதே மனிதர்களின் கைக்குத் திரும்பிவிட்டதைக் கண்டபோது நம்பிக்கை போய்விட்டது என்றார். அவர் சாட்சி சொன்னதற்கு முந்தைய வசந்தத்தில் லூசியானாவிலிருந்தும் மிசிசிப்பியிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு ஆற்றுத்துறைகளுக்கு வந்து கான்சாஸுக்குப் போகும் படகுகளுக்காகக் காத்திருந்தார்கள். பல படகுகள் அவர்களை ஏற்றாமல் கடந்துபோயின. அவர்கள் கரையிலேயே தங்கி அடுத்த படகுக்குக் கையசைத்தார்கள்.